அமிலக் கல் வீடு

கார்பன் டை ஆக்சைடுக்குக் கரியமில வாயு என்று பேர் வைத்த புண்ணியவான் யாரென்று எனக்குத் தெரியாது. தெரிந்தால் ஒரு நாள் அவரை எங்கள் ஊர் வடக்குத்துக்கு அழைத்துவந்து, எங்கள் அம்மா ருக்குமணிக்கு எதிரில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டு, நான் கடைத்தெருவுக்குப் போய் டீ குடிப்பேன். மீதியை அம்மா பார்த்துக்கொள்வாள்.

என் பேர் அன்புக்கரசி. கெமிக்கல் இன்ஜினியரிங் படித்தவள். அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிக்குப் பக்கத்தில் சென்னைக் கம்பெனி ஒன்று சோதனைக்காகச் சின்னதாக ஒரு ஆலை போட்டிருக்கிறது. அதில் எனக்கு வேலை. வானத்துக்குப் போகிற புகையில் கொஞ்சத்தை மட்டும் வழிமறித்து ஒரு உயரமான தொட்டிக்குள் விடுவோம். மேலேயிருந்து ஒரு திரவம் மழையாகக் கொட்டும். அது கரியமில வாயுவை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதைப் போக விட்டுவிடும். அந்தத் திரவத்தை வேறு தொட்டிக்குக் கொண்டுபோய் நீராவியில் சூடு காட்டினால், பிடித்ததையெல்லாம் கக்கிவிடும். கக்கியதை அழுத்திக் குழாய் வழியாகப் பக்கத்துக் கொட்டகைக்கு அனுப்புவோம். அங்கே சாம்பல், சுண்ணாம்பு, மணல் மூன்றையும் பிசைந்து அச்சடித்த கற்களை இரும்பு அறைக்குள் அடுக்கியிருப்பார்கள். கதவைச் சாத்திவிட்டு வாயுவைத் திறந்துவிட்டால், கல்லில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து அதை உறிஞ்சி இறுகிவிடும். உள்ளே போன வாயு பிறகு வாயுவாக இருக்காது, கல்லாகிவிடும்.

கல்யாண வீடுகளில் என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்டால், புகையைக் கல்லாக்குகிறேன் என்பேன். எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. ஆனால் சொன்னது பொய்யில்லை.

இந்தக் கல்லை வைத்துத்தான் வடக்குத்தில் எங்களுக்கு ஒரு வீடு கட்ட ஆரம்பித்தேன். எங்கள் கல்லில் எழும்பும் முதல் வீடு என்னுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று மேலாளர் சிவக்குமார் சாரிடம் அடம்பிடித்து வாங்கினேன். அப்பா ராஜாங்கம் நிலக்கரி மைன்ஸில் காலமெல்லாம் கான்ட்ராக்டில் ஓட்டியவர். எங்களுக்குக் கம்பெனி குவார்ட்டர்ஸ் என்ற ஒன்று கிடைத்ததே இல்லை. ஓலை, ஓடு, வாடகை என்று மாறி மாறி இருந்துவிட்டோம். அம்மாவை ஒரு சொந்த வீட்டில், நல்ல சுவருக்கு நடுவில் உட்கார வைத்துப் பார்க்க வேண்டும். எனக்கு வேறு பெரிய ஆசையெல்லாம் கிடையாது.

கல் தயாரானதும் கட்டுகள் மேல் ஒட்டுவதற்குச் சீட்டு அச்சடிக்க வேண்டியிருந்தது. இங்கிலீஷில் போட்டுவிடலாம் என்றார் சிவக்குமார் சார். தமிழ்நாட்டுக் கல்லுக்குத் தமிழில்தான் போட வேண்டும் என்று நான் சண்டை பிடித்தேன். அப்பா எனக்கு வைத்த தமிழ்ப் பேருக்கு நான் காட்டிய மரியாதை அது. சார் சிரித்துக்கொண்டே சரி என்றுவிட்டார். இங்கிலீஷில் இருந்திருந்தால் ஒரு ஆள்கூட அதைப் படித்திருக்க மாட்டான், என் வீட்டு வேலையும் நிற்காமல் நடந்திருக்கும்.

கல் வந்து இறங்கிய அன்று மேஸ்திரி கருணாகரன் அந்தச் சீட்டை எழுத்துக் கூட்டிப் படித்தார். நன்றாக வேலை தெரிந்தவர். குறிஞ்சிப்பாடிப் பக்கம் அவர் கட்டாத வீடு இல்லை.

"கரி... அமில... வாயு ஊட்டிய கல்." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "ஏம்மா, அமிலம்னா ஆசிட்தானே?"

"அமிலம்னா ஆசிட்தான் மேஸ்திரி. ஆனா இது அது இல்ல."

"ஆசிட் ஊட்டுன கல்லா இது?"

"இல்ல மேஸ்திரி, அது வெறும் பேரு. நாம மூச்சு வுடறமே, அதுலயும் இதே காத்துதான் இருக்குது."

"அப்ப நானு ஆசிட்டா வுட்டுக்கினு இருக்கறேன்?" என்றவர், கையிலிருந்த கல்லை மெதுவாகக் கீழே வைத்து, உள்ளங்கை இரண்டையும் கைலியில் துடைத்துக்கொண்டார். "சிமெண்டுக்கே கையெல்லாம் வெடிச்சிக்கினு கெடக்குதும்மா. ஆசிட் கல்லெல்லாம் நமக்கு ஒத்து வராது."

பக்கத்து மனைக்காரர் சடையப்பன் காம்பவுண்டுச் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தார். மைன்ஸில் பெர்மனென்டாக இருந்து ரிட்டையர் ஆனவர். அந்தப் பெர்மனென்ட் இன்னும் குரலில் இருக்கும். "பேர்லயே இருக்குதே இஞ்சினியரம்மா. ஒண்ணும் இல்லாமயா அமிலம்னு வெப்பாங்க?"

உண்மையில் ஒன்றும் இல்லாமல் வைக்கவில்லை. அந்த வாயுவைத் தண்ணீரில் கரைத்தால் லேசான அமிலம்தான். சோடா நாக்கில் சுரீரென்று ஏறுகிறதே, அதுதான். பேர் வைத்தவர் படித்துத்தான் வைத்திருக்கிறார், அதுவே எனக்கு வினையாகப் போய்விட்டது. மேஸ்திரியிடம் இந்த சோடாக் கதையைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப ஆசிட்தான்," என்று சொல்லி ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

நான் வீடு போய்ச் சேருவதற்குள் சேதி அம்மாவிடம் போய்விட்டிருந்தது. அம்மா துவைத்த துணியை உதறிக்கொண்டிருந்தாள். கொடியில் போடும்போது ஒரு உதறு, எடுக்கும்போது ஒரு உதறு, மடிக்கும்போது ஒரு உதறு. எங்கள் வீட்டில் எந்தத் துணியும் மூன்று உதறு வாங்காமல் பெட்டிக்குள் போகாது.

"அந்தக் கல்லுல கட்டுனா, பால் காய்ச்ச நான் வர மாட்டேன்," என்றாள்.

"ம்மா, அது ஆசிட் இல்லம்மா."

"நீ கட்டிக்க. நீயும் உங்கப்பாவும் போயி இருங்க. நான் இந்த வாடகை வூட்டுலயே இருந்துக்கறேன்."

பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா, "எனக்கு எங்க பாயி போட்டாலும் சரி," என்றார். அவரால் முடிந்த உதவி அது.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யாருக்காக இந்த வீட்டைக் கட்டுகிறேனோ அவளே வரமாட்டேன் என்கிறாள், அதுவும் ஒரு வார்த்தைக்காக. சரி, வார்த்தையால் வந்த வம்பைக் கண்ணால் பார்க்க வைத்துத் தீர்த்துவிடலாம் என்று முடிவு செய்தேன். படிப்பு எதற்கு இருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை காலையில் மேஸ்திரியையும் ஆட்களையும் கையோடு கூட்டிவந்தேன். அம்மாவையும் கெஞ்சி இழுத்துவந்தேன். சடையப்பனைக் கூப்பிடவில்லை, அவராகவே வந்தார். தெருவில் சும்மா இருந்தவர்களும் வந்தார்கள். ஒரு கல்லை எடுத்துக் குப்புறப் போட்ட டிரம் மேல் வைத்தேன். இந்தக் கல்லுக்குள் இருப்பது காற்றுதான், அமிலமில்லை என்று காட்ட வேண்டும். அந்தக் காற்று கல்லோடு கல்லாகப் பிணைந்து கிடக்கிறது. அதைப் பிரிக்க ஒரு சுலபமான வழி உண்டு. கக்கூஸ் கழுவுகிற ஆசிட்டைக் கொஞ்சம் ஊற்றினால் போதும், உள்ளே இருக்கும் வாயு குமிழியாக வெளியே வரும். அதில் தீக்குச்சியைக் காட்டினால் பட்டென்று அணையும். பார்த்தீர்களா, இது காற்று, என்று சொல்லி முடிக்க வேண்டும். பேச்செல்லாம் மனப்பாடமாக இருந்தது.

ஆசிட் பாட்டிலைத் திறந்து கல் மேல் ஊற்றினேன்.

கல் புஸ்ஸென்று பொங்கியது. எங்கள் ஆலை எவ்வளவு ஒழுங்காக வேலை செய்திருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. அவ்வளவு நுரை. நான் பூரிப்போடு தீக்குச்சியைக் கிழித்துக்கொண்டு நிமிர்ந்தால், கூட்டம் நாலடி பின்னால் போயிருந்தது.

"யப்பா, எப்பிடிப் பொங்குது பாரு," என்றார் மேஸ்திரி.

"உள்ள எவ்ளோ ஆசிட் இருந்தா இப்பிடி நொரைக்கும்," என்றார் சடையப்பன்.

"இல்ல சார், நான் ஊத்துனதுதான் ஆசிட். வர்றது காத்து," என்று கத்தினேன். யார் காதிலும் ஏறவில்லை. தீக்குச்சி என் விரலைச் சுட்டு அணைந்தது. அம்மா திரும்பி நடந்தாள். சாயங்காலத்துக்குள் என் மனைக்கு அமில வூடு என்று பேராகிவிட்டது. பஸ்ஸில் டிக்கெட் வாங்கும்போதே கண்டக்டர், அமில வூட்டு ஸ்டாப்பிங்கா என்று கேட்டார்.

நான் அழுகிற ஆள் இல்லை. அன்றைக்கு அழுதேன், கோபத்தில். அழுது முடித்ததும்தான் எனக்கு உறைத்தது. ஆசிட் ஊற்றினால் பொங்குவது என் கல் மட்டும்தானா?

மறுநாள் ஷிப்ட் முடித்து வந்து, மேஸ்திரியை டீக்கடையிலேயே பிடித்தேன். "ஒரே ஒரு தடவ வாங்க. அப்பறம் உங்க இஷ்டம்," என்றேன். முதலில் எங்கள் வாசல் கோலமாவில் ஆசிட்டை ஊற்றினேன். அது கம்மென்று கிடந்தது. எந்தக் கல்லை இடித்து அந்த மாவைச் செய்தார்களோ, போகட்டும். அடுத்து முட்டை ஓடு. டீக்கடைக் குப்பையிலிருந்து பொறுக்கியது. புஸ்ஸென்று பொங்கியது. மேஸ்திரியின் புருவம் ஏறியது. அடுத்து நேராகப் போய், பொங்கலுக்கு வெள்ளையடித்த சடையப்பனின் காம்பவுண்டுச் சுவரில் ஒரு மூடி ஊற்றினேன். சுவர் நுரை தள்ளிக்கொண்டு வழிந்தது.

"ஏம்மா, எஞ் செவுத்துல ஏன் ஊத்துற?" சடையப்பன் ஓடி வந்தார்.

"உங்க செவுத்துலயும் அமிலம் இருக்குது சார். பாருங்க, எப்பிடி நொரைக்குதுன்னு."

"வெறும் சுண்ணாம்பும்மா அது. நானே நின்னு அடிச்சது."

"என் கல்லுலயும் அதான் இருக்குது. மேஸ்திரி, நீங்களே சொல்லுங்க. சுண்ணாம்பு அடிச்ச அன்னிக்கு செவுரு வெளுப்பா இருக்குமா?"

"அன்னிக்கு எங்க? ஈரமா மங்கலா இருக்கும். காயக் காயத்தான் வெளுக்கும். கெட்டியாவும்."

"காயறது மட்டும் இல்ல. அது காத்துல இருந்து இந்தக் கரியமில வாயுவத்தான் இழுத்துக்கினு கல்லாவுது. ஊருல இருக்கற அத்தினி சுண்ணாம்புச் செவுரும் பண்ற வேலதான். நாங்க கதவ சாத்திக்கினு சீக்கிரமா பண்றோம். அவ்ளோதான்."

மேஸ்திரி நுரை வழிந்த இடத்தை உற்றுப் பார்த்தார். பிறகு அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. "அப்ப இந்த ஆசிட்ட நான் சம்பாரிக்க ஆரம்பிச்ச நாள்ல இருந்து பூசிக்கினுதான் இருந்திருக்கறேன்," என்றார். சடையப்பன் தன் சுவரைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டே, மறுபடி வெள்ளையடித்துத் தர வேண்டும் என்றார். மேஸ்திரியே அடித்துக் கொடுத்தார்.

வேலை மறுபடி தொடங்கியது. எனக்குக் கையில் பிடிக்க முடியாத சந்தோஷம். சுவர் ஜன்னல் மட்டத்துக்கு வந்தது, அதைத் தாண்டி லிண்டலுக்கு வந்தது. போகிற வருகிறவர்கள் நின்று கல்லைத் தட்டிப் பார்த்தார்கள். சடையப்பன்கூடத் தன் மகளுக்குக் காடாம்புலியூரில் கட்டப்போகிற வீட்டுக்கு இந்தக் கல் கிடைக்குமா என்று விசாரித்தார். அம்மா மட்டும் அந்தப் பக்கமே வரவில்லை.

"மேஸ்திரியே ஒத்துக்கினாரு. உனக்கு மட்டும் என்னம்மா?" என்று ஒரு நாள் அடுப்படியிலேயே மறித்துக் கேட்டேன். "இன்னமும் ஆசிட்டுன்னு பயந்துக்கினு இருக்கியா?"

அம்மா கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "ஆசிட்டுக்கா? நானா? மைன்ஸ் டவுன்ஷிப்புல எத்தினி குவார்ட்டர்ஸ் கக்கூஸ இந்தக் கையால ஆசிட் ஊத்திக் கழுவி இருப்பேன். அது எங்க பொங்கும், எங்க பொங்காதுன்னு எனக்கு நீ சொல்லித் தரணுமா?"

"பின்ன என்னதான் உனக்கு?"

"பொகைடி," என்றாள் அம்மா.

அம்மா நிறுத்தவில்லை. "காலையில ஒரு பிளாக், மத்தியானம் ஒரு பிளாக்குன்னு அடுத்தவங்க ஜன்னலத் தொடைச்சேன். தொடைச்சிட்டுத் திரும்பினா மறுபடியும் படிஞ்சிருக்கும். சாம்பல், மண்ணு, கரித்தூளு, எது எங்க இருந்து வருதுன்னு யாரு கண்டா. அத முடிச்சிக்கினு வந்து நம்ம வூட்டத் தொடைப்பேன். உன்னப் படிக்க வெச்சது எதுக்கு? இதவுட்டு நீ தூரமா போயிடுவன்னுதான். நீ என்னான்னா, அந்தப் பொகையக் கையோட புடிச்சாந்து எனக்கு வூடா கட்டித் தர்ற. அந்தச் செவுத்துக்குள்ள நான் எப்பிடிடி தூங்குவேன்?"

தெருவைக் கூட்டி வைத்துக்கொண்டு நான் போட்ட கூச்சலில் ஒரு வார்த்தைகூட அம்மாவுக்கான பதில் இல்லை. அவள் கேட்காத கேள்விக்கெல்லாம் ஆசிட் ஊற்றிப் பதில் சொல்லியிருக்கிறேன். நீ துடைத்தது தூசி, நான் பிடிப்பது கண்ணுக்குத் தெரியாத வாயு, இரண்டும் வேறு வேறு என்று ஆரம்பிக்கலாம்தான். ஆரம்பிக்கவில்லை. கல்லில் பாதிக்கு மேல் அந்தச் சாம்பல்தானே.

ஆனால் நானும் அவள் பெற்ற பெண். சும்மா இருக்க முடியவில்லை.

"நான் தூரமா போயிட்டா பொகை நின்னுடுமாம்மா?" என்றேன். "அது இங்கயேதான் இருக்கும். உன் எடத்துல வேற ஒருத்தி வந்து தொடைப்பா. எத்தினி காலத்துக்குத் தொடைச்சிக்கினே இருக்கறது? நான் தொடைக்கப் போகல. வர்ற எடத்துலயே புடிச்சி, எழுந்திருக்க முடியாதபடி கட்டிப் போடறேன். அதுக்குத்தான் நீ என்னப் படிக்க வெச்ச. நீ வேற எதுக்குன்னு நெனச்சிருந்தாலும் சரி."

அம்மா குழம்பில் உப்பு போட்டாளா இல்லையா என்று யோசிக்கிற மாதிரி நின்றாள். சாப்பிட்டபோது உப்பு இரண்டு தடவை விழுந்திருந்தது. அப்பா தண்ணீர் குடித்துக்கொண்டே சாப்பிட்டு முடித்தார்.

அடுத்த நாள் காலை ஷிப்ட் முடிந்து நேராக மனைக்குப் போனேன். எனக்கு முன்னாலேயே அம்மா அங்கே இருந்தாள். வராந்தா வரப்போகிற இடத்தில் செருப்பைக் கழற்றி விட்டிருந்தாள். சுவர் முழுக்கத் தடவிக்கொண்டே ஒவ்வொரு அறையாகப் போய் வந்தாள். மேஸ்திரி சாரத்தில் நின்றுகொண்டு, பேசலாமா வேண்டாமா என்று என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று கை காட்டினேன்.

"இந்தச் செவுரு இடிஞ்சா பொகை வெளிய வந்துடுமா?" என்றாள் அம்மா.

"வராதும்மா. ஒடைச்சாலும் பொடியாக்குனாலும் உள்ளயேதான் இருக்கும். ஆசிட் ஊத்தணும், இல்ல சூளையில வெச்சுக் கொளுத்தணும். அப்பதான் வரும்."

"மழைக்கு?"

"அதெல்லாம் ஒண்ணும் ஆவாது."

"சரி, இந்த வூடு மொத்தத்துலயும் எவ்ளோ பொகை இருக்குது?"

இந்தக் கேள்வியைத்தான் நான் யாரிடமிருந்தும் எதிர்பார்க்கவில்லை. பார்க்க வருகிற அதிகாரிகளுக்கு டன், சதவீதம் என்று அடுக்கிவிடலாம். அவர்களும் தலையாட்டிவிட்டு டீ குடிக்கப் போவார்கள். அம்மாவிடம் அது நடக்காது. மரங்களுக்கு மேலே புகைபோக்கிகள் தெரிந்தன. வெள்ளையாக, அவசரமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது புகை.

"அதோ, அது வுடுதே," என்றேன். "நீ ஒரு தும்மல் போட்டு மூக்கைத் தொடைக்கறதுக்குள்ள வுடற அளவு. அவ்ளோதான் இந்த வூட்டுல இருக்கும்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். எங்க ஆலை சின்னது. இது முடியும்னு காட்டிட்டோம். இனிமே பெருசா போடணும். போட வெப்பேன்."

கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை ஆட்டம் போட்டது ஒரு தும்மலுக்கா என்று கேட்டிருந்தால் எனக்குப் பேச ஒன்றும் இருந்திருக்காது. அவள் கொஞ்ச நேரம் புகைபோக்கியைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள். பிறகு கழுத்தை நிமிர்த்தி, கூரை வரப்போகிற வெறும் வானத்தைப் பார்த்தாள்.

"மேஸ்திரி," என்றாள். "மாடிக்குப் படி எந்தப் பக்கம் வெக்கற?"

கருணாகரன் குழம்பிப்போய்ச் சாரத்திலிருந்து இறங்கினார். "பிளான்ல மாடியே இல்லியேக்கா."

"இப்ப இருக்குது," என்றாள் அம்மா. "கீழ் வூட்டுல அடைக்கற பொகை ரொம்பக் கம்மியாம். எம் பொண்ணு சொல்றா."